அமானிதமும் அதிகாரமும்

 

நம் கடையில் வேலை செய்யும் ஒரு பையனை நிறுத்த வேண்டுமானால் நாம் பத்து முறை யோசிக்கிறோம். அவன் போய்விட்டால் பெட்டியடியில் யார் நிற்பது, சரக்கு இறக்க யார் வருவது, ஊரில் இருக்கும் அவன் தகப்பனாருக்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் மனம் கணக்குப் போடுகிறது. அதே நாம் ஒரு சங்கத்தின் நிர்வாக சபையில் போய் உட்கார்ந்துவிட்டால், பல வருஷம் உழைத்த ஒரு சிப்பந்தியை இருபது நிமிஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மேசையில் வைத்த தேத்தண்ணீர் ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. இஃது ஏன்?

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. “நாங்கள் சல்லிக்காசு சம்பளம் வாங்காமல், கடையை விட்டு, தூக்கத்தை விட்டு, அல்லாஹ்வுக்காக இந்தக் காரியத்தைச் செய்கிறோம். எங்களை யார் கேள்வி கேட்பது?” என்பதே அந்தப் பதில். இதைச் சொல்லாத நிர்வாகிகள் குறைவு. உண்மையைச் சொல்வதானால் நாமும் சொல்லியிருக்கிறோம்.

ஆதலின் இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுதான்: பொதுக் காரியத்தைக் கூலியின்றிச் செய்பவருக்கு, தம் சொந்தக் கடையின் முதலாளியைவிட அதிக உரிமை உண்டா, அல்லது குறைந்த உரிமையா?

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறோம். சங்கத்தின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் இங்கு வேண்டாம். அந்தச் சங்கத்தில் பதினேழு வருஷமாக ஒரு குமாஸ்தா இருந்தார். மாதம் பிறந்தால் ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிச் சந்தா வசூலிப்பார். மௌத்து வீடு என்று கேள்விப்பட்டால் தலைவர் வருமுன் அவர் அங்கே நிற்பார். நம்மில் எல்லோருக்கும் இப்படிப்பட்ட ஒருவரைத் தெரியும்.

ஒரு ரமலானில் நோன்புக் கஞ்சிக்கென்று கடைக்காரர்கள் பலர் அரிசி மூட்டைகளை இனாமாக அனுப்பியிருந்தார்கள். பெருநாள் கழித்துக் கணக்கு எழுதும்போது, அரிசி விலைக்கு வாங்கியதாக ஒரு பில் வந்தது. “இனாமாக வந்ததே மிச்சம் இருக்கிறதே, இது எப்போது வாங்கியது?” என்று குமாஸ்தா பொருளாளரைக் கேட்டார். கணக்கு எழுதுகிறவன் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்கப்பட்டவருக்கு அது மானப் பிரச்சினையாகப் பட்டுவிட்டது.

ஆறு வாரம் சென்றது. சந்தாப் பணத்தில் 640 வெள்ளி குறைகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பிற்று. இஷாத் தொழுகைக்குப் பின் அவசரக் கூட்டம் கூட்டினார்கள். குமாஸ்தா வெளியே நடையில் பெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. குற்றம் சொன்னவரே மேசைக்கு நடுவில் அமர்ந்து விளக்கமும் சொன்னார். “வெளியே தெரிந்து சங்கத்தின் மானம் போகுமுன் காரியத்தை முடித்துவிடுவோம்” என்றார் ஒரு பெரியவர். கைகள் உயர்ந்தன. நம் கையும் உயர்ந்தது. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, அந்த இரவே அவரை அனுப்பிவிட்டோம்.

நாம் ஏன் கை தூக்கினோம்? குமாஸ்தா எடுத்திருப்பார் என்று நம்பியா? இல்லை. பொருளாளர் நம் ஊர்க்காரர். அவர் கடையிலிருந்து நமக்கு முப்பது நாள் தவணையில் சரக்கு வந்துகொண்டிருந்தது. கை தூக்காமல் இருந்தால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணமே முன்னால் நின்றது.

வருஷ முடிவில் ஆடிட்டர் வந்து கணக்கைப் பார்த்தார். 640 வெள்ளி பாங்கில் பத்திரமாக இருந்தது. கட்டியவர் பொருளாளரே. கட்டிய சீட்டு அவருடைய கடை டிராயரில் கிடந்தது. பேரேட்டில் அது வேறு தலைப்பில் ஏறியிருந்தது. அரிசி பில்லோ முந்திய வருஷத்து நிலுவை. ஆக, யாரும் எதையும் திருடவில்லை. எல்லாம் அசிரத்தையும் அவசரமும்தான். ஆனால் பதினேழு வருஷம் உழைத்த ஒரு மனிதருடைய நல்ல பெயர் மட்டும் போய்விட்டிருந்தது. ஐந்தொகையில் திருத்தம் ஏறிற்று. அந்த மனிதர் விஷயத்தில் எந்தத் திருத்தமும் ஏறவில்லை. ஆடிட்டர் சொன்னதைக் கேட்ட நாங்கள் அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

சகோதரர்களே, நாட்டுச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதை நாம் பிறகுதான் விசாரித்து அறிந்துகொண்டோம். சிங்கப்பூரின் 1968ஆம் வருஷத்து வேலை நியமனச் சட்டப்படி, ஒழுங்கீனம் என்று சொல்லி ஒருவரை முன்னறிவிப்பின்றி நீக்க வேண்டுமானால் முதலில் முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணை நடக்கும்போது அவரை ஒரு வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். அப்போதும் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மலேசியாவில் 1955ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சட்டமும் விசாரணையின்றி இவ்விதம் நீக்கக் கூடாது என்றே சொல்கிறது. அங்கே நிறுத்தி வைக்கும் காலம் இரண்டு வாரம் வரை. அநியாயமாக நீக்கப்பட்டதாகக் கருதுபவர் சிங்கப்பூரில் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். மலேசியாவில் 1967ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டப்படி 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். ‘தரும ஸ்தாபனம் ஆயிற்றே’ என்பது தப்பிக்கும் வழியன்று. நம் குமாஸ்தாவுக்கு இந்தக் கெடு தெரியாது. தெரிந்த ஒன்றிரண்டு பேர் நிர்வாக சபையில் இருந்தார்கள், அவர்கள் சொல்லவில்லை. மாதம் கடந்துவிட்டது.

ஆனால் முஸ்லிமாகிய நமக்குச் சட்டப் புத்தகம் திறந்த பிறகுதானா நியாயம் தெரிய வேண்டும்? மதரஸாவில் ஓதிய நாளிலேயே நாம் கேட்டவை எத்தனை! ஹலரத் அலி (ரலி) அவர்களை எமன் தேசத்துக்குக் காஜியாக அனுப்பியபோது, ஒரு தரப்பைக் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம், மறு தரப்பையும் கேட்க வேண்டும் என்று நபி பெருமானார் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். ஹுஜுராத் சூராவில், பொல்லாதவன் கொண்டு வரும் செய்தியை ஆராயாமல் ஏற்று, அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின் வருந்தும் நிலை வரக்கூடாதென்று எச்சரிக்கை இருக்கிறது. திருமறையின் மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க வேண்டும், சாட்சி வைக்க வேண்டும் என்பதைப் பற்றியது. இரண்டு பேருக்கிடையே உள்ள கடனுக்கே இவ்வளவு என்றால், ஆயிரம் பேருடைய சந்தாவுக்கு எவ்வளவு வேண்டும்!

வேலையிலிருந்து நீக்கும் விஷயத்தில் நமக்கு ஒரு பெரிய முன்மாதிரியும் உண்டு. ஹலரத் உமர் (ரலி) அவர்களுடைய கிலாபத்தில் கூபா நகரத்துக்கு ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கவர்னராக இருந்தார்கள். பாரசீகப் போரில் படை நடத்தி வென்றவர்கள். அவர்கள்மீது கூபாவாசிகளில் சிலர் மதீனாவுக்குப் புகார் கொண்டு வந்தார்கள். தொழுகைகூடச் சரியாக நடத்துவதில்லை என்பது வரை சொன்னார்கள். கலீபா அவர்கள் ஸஅதை அழைத்து நேரில் கேட்டார்கள். அவர்கள் தம் தரப்பைச் சொன்னார்கள். பின்னர் கூபாவுக்கு ஆள் அனுப்பிப் பள்ளி பள்ளியாக விசாரிக்கச் செய்தார்கள். போன இடமெல்லாம் ஜனங்கள் நல்லதே சொன்னார்கள். ஒரு பள்ளியில் ஒரே ஒரு மனிதர் மட்டும் குறை சொன்னார். ஊரில் குழப்பம் வேண்டாமென்று கருதியோ என்னவோ, ஸஅத் அவர்களைப் பதவியிலிருந்து கலீபா மாற்றிவிட்டார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது வெறும் ராஜாங்க விஷயம். ஹிஜ்ரி 23ல் குத்துப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது, தமக்குப் பின் யார் என்று யோசனை செய்ய ஆறு பேரைக் கலீபா அவர்கள் குறிப்பிட்டார்கள். அதில் ஸஅத் அவர்களையும் சேர்த்தார்கள். அத்துடன் நில்லாமல், தாம் அவரை நீக்கியது திறமைக் குறைவுக்காகவும் அல்ல, மோசடிக்காகவும் அல்ல என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டே கண் மூடினார்கள்.

இதை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒருவரை வேலையிலிருந்து மாற்றும் அதிகாரம் கலீபாவுக்கு இருந்தது. ஆனால் அவருடைய பெயரைக் கெடுக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். மூச்சு நிற்கும் நேரத்திலும் அந்தக் கணக்கை நேர் செய்துவிட்டுப் போனார்கள். நாமோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். ‘நிறுத்திவிட்டார்கள்’ என்ற சொல் சந்தையில் இறங்கும்போது ‘எடுத்துவிட்டான் போலிருக்கிறது’ என்று மாறிவிடுகிறது. அதை மறுக்க ஒருவரும் வருவதில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சொந்தக் கடையில் நாம் தவறு செய்தால் நஷ்டம் நம் பணம். ஒரு நல்ல வேலையாளை அநியாயமாக அனுப்பினால் வியாபாரம் கெடும்; கெடுவது நம் வியாபாரம். சங்கத்தில் அப்படி அன்று. அங்கே இருக்கும் பணம் நம் பணமில்லை. அங்கே இருக்கும் அதிகாரமும் நம் அதிகாரமில்லை. இரண்டும் அமானிதம். பிறர் நகையை அடகாக வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பவன் தன் நகையைப் போல அதை எடுத்து அணிந்துகொள்ள முடியாது. தன் பொருளில் அவனுக்கு இருக்கும் சுதந்திரம் பிறர் பொருளில் இல்லை. ஆகவே, கூலி வாங்காத நிர்வாகிக்கு உரிமை அதிகமாவதில்லை, குறையவே செய்கிறது.

கூலி வாங்காதது நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ள நிய்யத்து. அதன் பலனை அவனிடம் எதிர்பார்க்க வேண்டும். அதைக் காட்டிக் குமாஸ்தாவிடமும் உஸ்தாதிடமும் மோதினாரிடமும் வசூல் பண்ணக் கூடாது. நமக்குச் சங்கம் ஸவாபு தேடும் இடம். அவருக்கு அது அடுப்பு எரியும் இடம். நாம் நாளைக்கு ராஜிநாமா செய்தால் நம் வீட்டில் உலை நிற்காது. அவர் வீட்டில் நின்றுவிடும். இந்த வித்தியாசத்தை மறந்தவர் நீதி செலுத்த முடியாது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவற்றையும் பார்ப்போம். “விஷயத்தைக் கிளறினால் ஃபித்னா உண்டாகும், சங்கத்தின் மானம் போகும்” என்கிறார்கள். அழுகிய உருளைக்கிழங்கை மூட்டையின் அடியில் தள்ளி வைத்தால் மூட்டை நன்றாக இருக்குமா? நான்கு நாளில் கடை முழுவதும் நாறும். 2005ல் சிங்கப்பூரில் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் விவகாரத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அதன் தலைமை நிர்வாகி விமானத்தில் முதல் வகுப்பில் பயணம் செய்தார் என்று 1990களில் சொன்னவர்கள்மீது வழக்குப் போடப்பட்டது. அவர்கள் நஷ்ட ஈடு கொடுக்க நேர்ந்தது. 2005 ஜூலையில் கோர்ட்டில் குறுக்கு விசாரணையின்போது அவரே முதல் வகுப்பில் பறந்ததை ஒப்புக்கொண்டார். வருஷத்துக்கு 6 லட்சம் வெள்ளி அளவுக்குச் சம்பளமும் போனஸும் பெற்றதும் வெளிவந்தது. பொது ஜனங்கள் ஆயிரக்கணக்கில் நன்கொடையை நிறுத்தினார்கள். கேள்வி கேட்டவர்களை முதலிலேயே மரியாதையாக அழைத்துக் கேட்டிருந்தால் அந்த ஸ்தாபனத்தின் மானம் அவ்வளவு தூரம் சந்திக்கு வந்திருக்குமா? கேட்டவனை அடக்குவதால் மானம் தப்புவதில்லை. அது போகும் நாள்தான் தள்ளிப் போகிறது.

இன்னும் பழைய பாடமும் உண்டு. நம் முன்னோர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியாப் பள்ளியை 1826ல் நிறுவினார்கள். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளி அதற்கும் முன்னால், 1801ல் எழுந்தது. கப்பலேறி வந்து வியாபாரம் செய்தவர்கள் வக்பாக விட்டுச் சென்ற சொத்துக்கள் எத்தனையோ! ஆனால் 1905ல் ஆங்கில சர்க்கார் முஸ்லிம், இந்து அறச் சொத்துக்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டு வந்து, நிர்வாகம் சீர்கெட்டவற்றைப் போர்டின் கையில் ஒப்படைக்க வழி செய்தது. நம் வீட்டுக் கணக்கை நாம் நேராக வைத்துக்கொள்ளாவிட்டால், பிறர் வந்து பெட்டியைத் திறப்பார்கள் என்பதே அதன் படிப்பினை.

“எல்லாவற்றையும் மன்னித்து மறந்துவிடலாமே” என்று வேறு சிலர் சொல்கிறார்கள். மன்னிப்பு உயர்ந்த குணம்தான். ஆனால் மன்னிக்க வேண்டியவர் யார்? அநியாயம் செய்யப்பட்டவர். செய்தவர்கள் கூடி உட்கார்ந்து தங்களைத் தாங்களே மன்னித்துக்கொள்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை. அடியானின் ஹக்கை அந்த அடியானிடமே நேர் செய்ய வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த மஸ்அலா.

ஒரு தரப்பை மட்டும் பேசிவிட்டோம் என்ற குறை வரக்கூடாது. நிர்வாகிகள் எல்லோரும் அநியாயக்காரர்கள் என்றும், நீக்கப்பட்டவர் எல்லோரும் நிரபராதிகள் என்றும் நாம் சொல்லவில்லை. உண்மையிலேயே கை வைக்கும் சிப்பந்திகளும் உண்டு. அப்படிப்பட்டவரை ‘பாவம், நம்மூர் ஆள்’ என்று சத்தமில்லாமல் அனுப்பி வைக்க, அவர் அடுத்த தெருவிலுள்ள சங்கத்தில் போய்ச் சேர்ந்து அங்கும் அதையே செய்ததும் நடந்திருக்கிறது. நேரத்துக்கு வராமல், வேலை செய்யாமல், ஒரு வார்த்தை கேட்டால் ஊர்க் கட்சி சேர்த்துக்கொண்டு கொடி பிடிப்பவர்களும் உண்டு. விசாரணை என்பது இவர்களுக்கும் சேர்த்துத்தான். நிரபராதியைக் காப்பாற்றுவதும் குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பதும் ஒரே தராசு. தராசையே எடுத்து ஒளித்துவிட்டால் இரண்டும் நடக்காது.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும், பள்ளிப் பரிபாலன சபையும், மதரஸாக் கமிட்டியும் சில காரியங்களை ஒழுங்காக்கிக்கொள்ள வேண்டுமென்று நாம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். குற்றச்சாட்டு எதுவாயினும் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் தமக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வர அனுமதிக்க வேண்டும். குற்றம் சொன்னவர் அந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல உட்காரக் கூடாது. நீக்கும் முடிவு வந்தால் காரணத்தை எழுதிக் கொடுத்து, சேர வேண்டிய சம்பளத்தையும் பாக்கியையும் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும். கணக்கில் சந்தேகம் கேட்பவரை விரோதியாகப் பார்க்கும் வழக்கத்தை விட வேண்டும். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து, செலவுக்குப் பில், நன்கொடைச் சரக்குக்குத் தனி ஏடு, இவை எந்தச் சில்லறைக் கடையிலும் உள்ள முறைதானே! எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு நம்முடையது என்று தெரிந்தால், குற்றத்தைச் சொன்ன அதே சபையில், அதே உரத்த குரலில் திருத்தத்தையும் சொல்ல வேண்டும்.

நாம் தொடங்கிய கதையை முடிக்க வேண்டும். ஆடிட்டர் வந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேலாகிய பின், நம் மனம் தாளாமல், இன்னும் இரண்டு அங்கத்தினரை அழைத்துக்கொண்டு அந்தக் குமாஸ்தாவின் வீட்டுக்குப் போனோம். அவர் நம்மை உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி, “காக்கா, எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வேலைக்கு வாருங்கள்” என்றோம். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.

“வேலை வேண்டாம் முதலாளி. சம்பளம் போனதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் பள்ளியில் விசாரித்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை. என் மேல் குற்றமில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதித் தாருங்கள். அது போதும்” என்றார்.

அந்தக் காகிதம் அடுத்த மகாசபையில் வாசிக்கப்பட்டு மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிற்று. வாசித்தது நாம்தான். சிலர் முகம் சுளித்தார்கள். பொருளாளர் எழுந்து போய்விட்டார். அன்றுமுதல் அவர் கடைச் சரக்கு நமக்கு ரொக்கத்துக்குத்தான் கிடைக்கிறது. அந்தச் சம்பந்தம் திரும்பி வரவில்லை. அதை எந்தக் காகிதத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிரவு இருபது நிமிஷத்தில் கை தூக்கியதன் விலை இன்னும் கணக்குத் தீரவில்லை என்பதை அவரை எங்கே கண்டாலும் நாம் உணர்கிறோம்.

சகோதரர்களே! அடுத்த முறை நிர்வாக சபையில் ஒரு மனிதருடைய பிழைப்பைப் பற்றி வாக்கெடுப்பு வரும்போது, கை தூக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டோமா?” கேட்கவில்லையென்றால் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்ளலாம்.

பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக மறுமையில் நிற்கும் நிலையிலிருந்து எல்லாம் வல்ல அல்லாஹ் நம் யாவரையும் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.